ஆய்வகத்திற்குள் நுழையும் முன்: தலித் அறிவியல் மாணவர்களும் தாமதம் என்னும் ஆயுதமும்

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மையப் பல்கலைக்கழகங்களிலும் ஐ.ஐ.டி.க்களிலும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலும் முதுநிலை அறிவியல் மற்றும் முனைவர் பட்ட வகுப்புகள் தொடங்குகின்றன. ஜாம், கேட், நெட் தேர்வுகளைக் கடந்து இடம் பெற்ற தலித் மாணவர்களுக்கு அதற்கு முந்தைய வாரங்களில் கிடைக்கும் அறிவுரைகள் ஏறத்தாழ ஒரே வகையானவை. பாடத்தைத் திரும்பப் படியுங்கள், ஆங்கிலத்தைச் சீர்செய்யுங்கள், நல்ல மடிக்கணினி ஒன்றை வாங்குங்கள் என்பார்கள். இவை தவறானவை அல்ல. ஆனால் சட்ட உதவி நாடி நம்மிடம் வந்த ஆய்வு மாணவர்களுள் பாடம் புரியாமல் தடுமாறியவர்கள் மிகச் சிலரே. நெறியாளர் ஒதுக்கப்படாமலும், உதவித்தொகை வந்து சேராமலும், ஒரு கையொப்பத்திற்காக மாதக்கணக்கில் அலைந்தும் ஓய்ந்துபோனவர்களே பெரும்பான்மையினர். நேரடியாக "வெளியே போ" என்று இன்று எந்த நிறுவனமும் சொல்வதில்லை. காத்திருக்க வைத்தாலே போதுமானதாக இருக்கிறது.

அறிவியல் புலங்களில் இந்தக் காத்திருப்பு கூடுதல் கொடுமையானது. வரலாறோ இலக்கியமோ ஆய்வு செய்யும் மாணவருக்கு நெறியாளர் அமையாவிட்டாலும் நூலகம் திறந்திருக்கும். வேதியியல் மாணவருக்கு நெறியாளர் இல்லையெனில் ஆய்வகத்தில் மேசை இல்லை, வேதிப்பொருள் இல்லை, கருவியைத் தொடும் உரிமையும் இல்லை. அவர் ஆய்வாளர் என்று அழைக்கப்படுவார். ஆய்வு மட்டும் நடக்காது.

சேலம் மாவட்டம் ஜலகண்டாபுரத்திலிருந்து ஐதராபாத் பல்கலைக்கழக இயற்பியல் புலத்திற்குச் சென்ற செந்தில்குமாரை நம் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். பன்றி வளர்ப்பை வாழ்வாதாரமாகக் கொண்ட பன்னியாண்டி சமூகத்தில் பிறந்து முனைவர் பட்ட ஆய்வுவரை சென்றவர் அவர். தன் உதவித்தொகையில் ஒரு பகுதியை வீட்டுக்கு அனுப்பி வந்தார். 2008 பிப்ரவரியில் அவர் இறந்தபோது அவருக்கு நெறியாளர் ஒதுக்கப்பட்டிருக்கவில்லை. பல்கலைக்கழகம் அமைத்த பேராசிரியர் வினோத் பவராலா குழு, அப்புலத்தின் நடைமுறைகளில் தெளிவின்மையும் சீரின்மையும் நிலவியதைப் பதிவு செய்தது. அதே பல்கலைக்கழகத்தில் 2013 நவம்பரில் ஆய்வு மாணவர் மாதரி வெங்கடேஷ் இறந்தார். நிலையான நெறியாளர் இல்லை என்பதே அங்கும் எழுந்த குற்றச்சாட்டு. 2016 ஜனவரி 17 அன்று நாம் இழந்த ரோகித் வெமுலா, முதுநிலை உயிர் அறிவியல் மாணவராகவே அவ்வளாகத்திற்குள் முதலில் நுழைந்தவர். தனக்கு வரவேண்டிய ஏழு மாத உதவித்தொகை 1,75,000 ரூபாய் என்ற கணக்கைத் தன் இறுதிக் கடிதத்திலும் அவர் குறிப்பிட வேண்டியிருந்தது. இம்மூவரின் பெயர்களையும் அச்சமூட்டுவதற்காக இங்கே சொல்லவில்லை. நெறியாளரும் உதவித்தொகையும் உரிய காலத்தில் கிடைக்கும் என்று எண்ணிக்கொண்டு ஒரு தலித் மாணவர் உள்ளே செல்லக் கூடாது. தயாரிப்பு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதலில் பணம். 2023 ஜனவரி 1 முதல் இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். முதுநிலைக்கு 42,000 ரூபாய். பட்டியல் சாதியினருக்கான தேசிய ஆய்வு உதவித்தொகையும் இதே அளவுதான். ஆண்டுக்கு 2,000 இடங்கள். நெட் வழியாக வராதவர்களுக்கு மையப் பல்கலைக்கழகங்கள் தரும் தொகையோ மாதம் 8,000 ரூபாய் என்ற அளவிலேயே நீண்ட காலமாகத் தேங்கி நிற்கிறது. காகிதத்தில் 37,000 என்று இருப்பதை நம்பி வீட்டில் கடனுக்கு வாக்குக் கொடுத்துவிடுகிறார்கள். சேர்க்கை, சேர்ந்ததற்கான அறிக்கை, துறைத் தலைவரின் சரிபார்ப்பு, இணையதளப் பதிவு, மாதாந்திர உறுதிப்படுத்தல் ஆகிய அத்தனை படிகளையும் தாண்டித்தான் முதல் தொகை வங்கிக்கு வரும். ஆறு மாதம் வராது என்று வைத்துக்கொண்டு கணக்கிடுவதே பாதுகாப்பானது. விடுதி முன்பணம், உணவகக் கட்டணம், பயணம் ஆகிய மூன்றுக்கும் ஆறு மாதத்திற்குரிய தொகை எங்கிருந்து வரும் என்பதைச் சேர்வதற்கு முன்பே எழுதிப் பார்க்க வேண்டும்.

அண்ணல் அம்பேத்கருக்கும் இது நேர்ந்தது. பரோடா அரசின் உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917இல் இலண்டன் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டுத் திரும்பினார். பம்பாயில் வேலை பார்த்துச் சேமித்ததும், கோலாப்பூர் சாகு மகாராஜாவின் உதவியும், நண்பர் நவல் பதேனாவின் கடனும் சேர்ந்தே 1920இல் அவரை மீண்டும் இலண்டனுக்கு அனுப்பின. அவருடைய மேதைமையைப் பேசும் நாம் அந்த மூன்று ஆண்டு இடைவெளியைப் பேசுவதில்லை.

சேர்க்கைக் கட்டணம் இன்னும் கூர்மையான முள். 2024இல் உத்தரப்பிரதேசத்தின் முசாபர்நகர் மாவட்டத்தைச் சேர்ந்த, கூலித் தொழிலாளியின் மகனான தலித் மாணவர் ஒருவர், தன்பாத் ஐ.ஐ.டி.யில் கிடைத்த இடத்திற்கான 17,500 ரூபாயைக் கெடுவுக்குள் கட்ட இயலாமல் இடத்தை இழந்தார். அவ்வாண்டு நுழைவுத்தேர்வை நடத்தியது சென்னை ஐ.ஐ.டி. என்பதால் சென்னை உயர்நீதிமன்றத்தையும் அவர் நாடினார். செப்டம்பர் 30 அன்று உச்சநீதிமன்றம் அரசமைப்பின் 142ஆம் உறுப்பைப் பயன்படுத்தி இடத்தை மீட்டுத் தந்தது. அது இளநிலைப் பொறியியல் இடம்; ஆனால் முதுநிலை அறிவியல் சேர்க்கையிலும் இதே கெடு, இதே இணையவழிக் கட்டணம்தான். தீர்ப்பை நாம் வரவேற்றோம். 17,500 ரூபாய்க்காக ஓர் ஏழை மாணவர் நாட்டின் உச்சநீதிமன்றம்வரை செல்ல நேர்ந்தது நமக்குப் பெருமை தருவதல்ல. அந்தத் தொகையைக் கைமாற்றாகக் கொடுக்கும் ஏற்பாடு அன்று மாலையில் அவருக்கு எட்டும் தூரத்தில் இருந்திருந்தால் அந்த வழக்கே எழுந்திருக்காது.

சான்றிதழ் விவகாரத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஆனால் கேடு இங்கேதான் அதிகம். சில மைய நிறுவனங்கள் ஒன்றிய அரசின் படிவத்தில் சாதிச் சான்று கேட்கின்றன. மாநிலச் சான்றோடு சென்றுவிட்டு அங்கிருந்து வட்டாட்சியர் அலுவலகத்திற்குத் தொலைபேசியில் மன்றாட முடியாது. அடுத்தது பெயர். முதலெழுத்துக்கு உரிய இடம் வடபுல இணையதளங்களில் இருப்பதில்லை. மதிப்பெண் பட்டியலில் முதலெழுத்தோடும், ஆதாரில் தந்தை பெயரை விரித்தும், வங்கிக் கணக்கில் வேறொரு வரிசையிலும் இருக்கும் பெயர், நேரடிப் பணமாற்றத்தின்போது மூன்று வேறு நபர்களாகிவிடுகிறது. ஆதார் எந்த வங்கிக் கணக்கோடு இணைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் ஊரில் இருக்கும்போதே சரிபார்த்துவிட வேண்டும். கிறித்தவ தலித் மாணவர்கள் இன்னொன்றை அறிந்து செல்ல வேண்டும். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த சமயத்தவர் மட்டுமே பட்டியல் சாதியினர். இந்த அநீதியை எதிர்க்கும் வழக்கு உச்சநீதிமன்றத்தில் நெடுங்காலமாக நடக்கிறது. தவறான பிரிவில் விண்ணப்பித்துவிட்டுச் சரிபார்ப்பின்போது இடத்தை இழப்பதற்கு அந்தப் போராட்டம் காரணமாகிவிடக் கூடாது. பழைய கல்லூரி கட்டண நிலுவையைக் காட்டி மாற்றுச் சான்றிதழைத் தர மறுத்தால் எழுத்து மூலம் கேட்டு, மறுப்பையும் எழுத்தில் பெறுங்கள். சான்றிதழ்களைப் பிணையாகப் பிடித்து வைக்கக் கூடாது எனச் சென்னை உயர்நீதிமன்றம் பலமுறை கூறியுள்ளது.

இனி நெறியாளர். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு முனைவர் பட்ட விதிமுறைகளின்படி ஒரு பேராசிரியர் ஒரே காலத்தில் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் மட்டுமே நெறியாளராக இருக்கலாம். ஆகவே சேர்வதற்கு முன்பே கேட்டறிய வேண்டியது "இவர் பெரிய அறிஞரா" என்பதை அன்று. இவரிடம் இடம் காலியாக உள்ளதா, இவருடைய பழைய மாணவர்கள் எத்தனை ஆண்டுகளில் முடித்தார்கள், இவரிடம் படித்த தலித் மாணவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பவற்றை. விடைகள் துறையின் இணையப் பக்கத்தில் கிடைக்காது. அந்த வளாகத்தின் அம்பேத்கர் மாணவர் அமைப்புகளிடம் கிடைக்கும். 2015 மே மாதத்தில் அங்கீகாரம் பறிக்கப்பட்டு நாடளாவிய எதிர்ப்புக்குப்பின் ஜூனில் அதைத் திரும்பப் பெற்ற சென்னை ஐ.ஐ.டி.யின் அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டத்தை அரசியல் விவாத மேடையாக மட்டுமே பலர் காண்கிறார்கள். புதிய மாணவருக்கு எந்தக் கதவைத் தட்டலாம் என்று சொல்லித் தருவதும் இத்தகைய அமைப்புகளின் பணிதான்.

அதே விதிமுறைகள் ஒவ்வொரு பருவத்திலும் ஆய்வு ஆலோசனைக் குழு முன் மாணவர் தம் முன்னேற்றத்தை வைக்க வேண்டும் என்கின்றன. இதைச் சடங்காகக் கருதிவிடாதீர்கள். கருவி கிடைக்கவில்லை, வேதிப்பொருள் வாங்கித் தரப்படவில்லை, நெறியாளர் சந்திக்கவில்லை என்பவை அந்த அறிக்கையில் எழுத்தாக இடம்பெற வேண்டும். மூன்றாம் ஆண்டில் "முன்னேற்றம் போதாது" என்று உதவித்தொகையை நிறுத்தும்போது முதலாண்டின் அந்த இரண்டு வரிகளே உங்களைக் காக்கும்.

பாடத் தயாரிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் முதலாண்டுப் பாடங்களில் 55 விழுக்காடு பெறாவிட்டால் ஆய்வைத் தொடர முடியாது. ஒரு கருவியைப் பத்துப் பேர் சுற்றி நின்று பார்த்த கல்லூரியிலிருந்து வருபவர், அந்தக் கருவியைத் தனியாக இயக்கிய மாணவரோடு போட்டியிடுகிறார். இது அறிவுக் குறைவன்று, வாய்ப்புக் குறைவு. ஆனாலும் ஈடுகட்ட வேண்டியவர் அவரே. என்.பி.டி.இ.எல். காணொளிகளில் கணிதமும் புள்ளியியலும், பைத்தான் நிரல்மொழியின் அடிப்படையும் இலவசமாகக் கிடைக்கின்றன. சேர்வதற்கு முன் இரண்டு மாதம் இருந்தால், சேரவிருக்கும் ஆய்வகத்தின் அண்மைய ஆய்வுக் கட்டுரைகள் மூன்றை மட்டும் வரிவரியாகப் படிப்பது, ஒரு பாடநூல் முழுவதையும் புரட்டுவதைவிட மேல் என்பது நாம் அறிந்த மாணவர்களின் அனுபவம். 2025 ஜனவரியில் தொடங்கிய "ஒரே நாடு ஒரே சந்தா" திட்டத்தால் அரசுக் கல்வி நிறுவனங்களில் இருப்போர் முன்பு எட்டாத ஆய்விதழ்களைப் பார்க்க முடிகிறது; பழைய கல்லூரியில் இருக்கும்போதே அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

ஆய்வக ஏட்டைப் பற்றித் தனியே ஒரு சொல். பக்க எண்ணிட்ட கட்டு ஏட்டில், நாள் குறித்து, மையால், அன்றன்று எழுதுவது அறிவியல் ஒழுங்கு. செய்த வேலை யாருடையது, கட்டுரையில் பெயர் ஏன் விடுபட்டது, ஆய்வகத்தில் எத்தனை நாள் வேலையின்றி உட்கார வைக்கப்பட்டார் என்ற கேள்விகள் எழும்போது அதே ஏடு சாட்சியாகிறது. வழக்கறிஞர்களாகிய நாம் ஒரு மாணவரிடம் முதலில் கேட்பதும் அதைத்தான்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012ஆம் ஆண்டு சமத்துவ விதிமுறைகள், ஆய்வகத்திற்குள் அனுமதித்துவிட்டு வேலை செய்யவிடாமல் சும்மா வைத்திருப்பதையும், உதவித்தொகையை நிறுத்தி வைப்பதையும் பாகுபாடு என்றே வரையறுக்கின்றன. பாகுபாட்டுத் தடுப்பு அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும், புகார் 60 நாள்களுக்குள் முடிக்கப்பட வேண்டும் என்பதும் அவற்றில் உள்ளது. ரோகித்தின் தாயும் பாயல் தாட்வியின் தாயும் 2019இல் தொடுத்த வழக்கின் தொடர்ச்சியாக 2026 ஜனவரியில் புதிய விதிமுறைகள் வந்தன. அதே மாதம் 29ஆம் நாள் உச்சநீதிமன்றம் அவற்றை நிறுத்திவைத்து, 2012 விதிமுறைகளே தொடரும் என்றது. எனவே பழைய விதிமுறைகளை அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். ஐ.ஐ.டி.க்கள் மானியக் குழுவின் கீழ் வராதவை. அங்கு நிறுவனத்தின் பட்டியல் சாதி, பழங்குடியினர் பிரிவும், அரசமைப்பின் 338ஆம் உறுப்பின்படியான தேசியப் பட்டியல் சாதியினர் ஆணையமும்தான் வழி.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைப் பற்றி மிகையான நம்பிக்கை வேண்டாம். சாதி சொல்லி இழிவுபடுத்தும் குற்றத்திற்குப் "பொதுப் பார்வைக்குட்பட்ட இடம்" என்ற நிபந்தனை உண்டு. 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்சநீதிமன்றம், வெளியார் எவரும் இல்லாத நான்கு சுவர்களுக்குள் நடந்தது இந்நிபந்தனையை நிறைவு செய்யாது என்றது. பேராசிரியரின் மூடிய அறைக்குள் பேசப்படும் சொல் இவ்வாறு தப்பிவிடுகிறது. அன்று மாலையே அவருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: இன்று தாங்கள் இவ்வாறு கூறினீர்கள், என் பணி குறித்து நான் புரிந்துகொண்டது இது. குரலை உயர்த்த வேண்டியதில்லை. மறுப்பு வந்தாலும் வராவிட்டாலும் அது ஆவணம். நிறுவனம் தந்த முகவரியிலிருந்து அனுப்பினால் நகலைச் சொந்த முகவரிக்கும் சேர்த்து அனுப்புங்கள். வெளியேற்றப்படும் நாளில் முதலில் பூட்டப்படுவது அந்த மின்னஞ்சல் கணக்குதான்.

இயக்கத் தோழர்களிடம் நாம் கேட்பது ஒன்று. ஒரு மாணவர் இறந்தபின் நாம் கூடும் வேகம் ஜூன் மாதத்தில் இருப்பதில்லை. மாவட்டத்திற்கு ஒரு வழக்கறிஞர், முனைவர் பட்டம் முடித்த அல்லது முடிக்கப்போகும் ஒருவர், விண்ணப்பங்களைச் சரிபார்க்க ஒரு கணினி, கெடு நாளன்று கைமாற்றாகத் தர இருபதாயிரம் முப்பதாயிரம் ரூபாய்; ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இவ்வளவு போதும். உதவித்தொகை வந்ததும் மாணவர்கள் அத்தொகையைத் திருப்பிக் கட்டிவிடுவார்கள். அடுத்த ஜூனில் அது வேறொருவருக்குப் போகும்.