‘யெஸ்’ தட்டுமுன் பட்டியலைப் படியுங்கள்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. செமோரில் அண்ணன் பாலிடெக்னிக் முடித்துத் தம்பிக்குக் கொடுத்த மடிக்கணினி விண்டோஸ் 11-ஐ ஏற்காமல் போகலாம். அதற்காக அதை வீச வேண்டியதில்லை. உபுண்டு போன்ற லினக்ஸை இலவசமாகப் பதித்துக்கொள்ளலாம். பிறகு மென்பொருளைச் சேர்க்கக் கட்டளை வரியில் ஒரே வரி போதும்: ‘சூடோ ஏப்ட் இன்ஸ்டால்’, அடுத்து மென்பொருளின் பெயர்.

அந்த ஒரு வரியில்தான் கனடாவின் பிரபல யூடியூபர் லைனஸ் செபஸ்தியன் சறுக்கினார். 2021 நவம்பரில் வெளிவந்த காணொளி அது. பாப் ஓஎஸ் என்ற லினக்ஸில் ‘ஸ்டீம்’ விளையாட்டுச் செயலியை நிறுவப் போனார். தொகுப்பில் இருந்த ஒரு பிழையால், ஸ்டீமைச் சேர்க்க, திரையில் சாளரங்களைக் காட்டும் மென்பொருளையே நீக்கவேண்டும் என்று கணினி கணக்குப் போட்டது. நீக்கப்போகும் பட்டியலைக் காட்டி எச்சரித்தது. ஒப்புதலாக ஒரு முழு வாக்கியத்தைத் தட்டச்சு செய்யவும் சொன்னது. அவர் செய்தார். மிஞ்சியது எழுத்துகள் மட்டும் தெரியும் கருந்திரை.

அவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். கணினி எதைக் கேட்டாலும் படிக்காமலே ‘யெஸ்’ சொல்ல நாம் எல்லாருமே பழகிவிட்டோம். ஏப்ட்டை உருவாக்குவோரும் பிறகு அந்த வழியை இறுக்கிவிட்டார்கள்.

நீக்கும்போதும் கவனம் தேவை. ‘ஏப்ட் ரிமூவ்’ மென்பொருளை எடுத்துவிட்டு அதன் அமைப்புக் கோப்புகளை விட்டுவைக்கும்; ‘ஏப்ட் பர்ஜ்’ அவற்றையும் துடைத்துவிடும். கட்டளையோடு ‘-எஸ்’ சேர்த்தால் எதையும் தொடாமல், என்ன நடக்கும் என்று மட்டும் காட்டும். நீக்கப்படும் பட்டியலில் நீங்கள் கேட்காத பெயர் தென்பட்டால் ‘என்’ தட்டி வெளியே வந்துவிடுங்கள்.