கண்ணாடி கொடுக்கும் முன் நரம்பைப் பாருங்கள்

நாற்பதைத் தொட்டதும் செய்தித்தாளைக் கைநீட்டிப் பிடித்துப் படிக்கத் தொடங்குகிறோம். வெள்ளெழுத்து வந்துவிட்டது என்று கண்ணாடிக் கடைக்குப் போகிறோம். கம்ப்யூட்டர் பரிசோதனை செய்து, பவர் எழுதி, கண்ணாடியை மாட்டி அனுப்பிவிடுகிறார்கள். விழிக்குப் பின்னால் இருக்கும் பார்வை நரம்பை அங்கே யாரும் பார்ப்பதில்லை. கண் நீர் அழுத்த நோய் எனப்படும் கிளாக்கோமா அதிகம் தலைகாட்டத் தொடங்குவதும் இந்த வயதில்தான். நோயைப் பிடிப்பதற்கான மிக நல்ல வாய்ப்பு, கண்ணாடிக் கடை வாசலோடு கைநழுவிப் போகிறது.

இது மிகைப்படுத்திச் சொல்வதல்ல. தமிழகத்தின் மூன்று தென் மாவட்டங்களில் 40 வயதைக் கடந்தவர்களிடம் அரவிந்த் கண் மருத்துவமனை நடத்திய ஆய்வு 2003இல் வெளியானது. நூற்றுக்கு 2.6 பேருக்குக் கிளாக்கோமா இருந்தது. அதன் முக்கிய வகையால் பாதிக்கப்பட்டிருந்தவர்களில் 93 சதவீதத்தினருக்கு, தமக்கு அந்த நோய் இருப்பது ஆய்வுக் குழு சொல்லும்வரை தெரியாது. அந்த வகையால் பாதிக்கப்பட்டவர்களில் ஐந்தில் ஒருவருக்கு ஒரு கண்ணிலாவது பார்வை பறிபோயிருந்தது. பின்னர் நடந்த சென்னை கிளாக்கோமா ஆய்வில் இதே வகை கிராமப்புறத்தில் 1.62 சதவீதமும் நகரில் 3.51 சதவீதமும் பதிவாயின. ஆஸ்பத்திரிகள் நிறைந்த சென்னையிலும் நிலைமை ஆறுதல் தருவதாக இல்லை.

ஏன் தெரிவதில்லை? கண்ணுக்குள் ஒரு திரவம் ஓயாமல் சுரந்து, கருவிழியும் அதன் பின்னுள்ள திரையும் சேரும் மூலையில் வடிந்துகொண்டே இருக்கிறது. வடிகால் அடைபட்டால் அழுத்தம் ஏறும். பார்வை நரம்பின் இழைகள் ஒவ்வொன்றாகச் சாகும். பெரும்பாலோருக்கு வலி இல்லை, சிவப்பு இல்லை. முதலில் போவது பக்கவாட்டுப் பார்வை. நேர்ப்பார்வை கடைசிவரை தாக்குப்பிடிப்பதால், சுவரிலுள்ள எழுத்துப் பலகையின் கடைசி வரிவரை படித்துவிட்டு நிம்மதியாக வீடு திரும்புபவர்கள் உண்டு. திடீரென்று கடும் கண்வலி, தலைவலி, வாந்தியோடு வரும் வகையும் இருக்கிறது. அதை ஒற்றைத் தலைவலி என்று நினைத்து மாத்திரை போட்டுக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள்.

இதைவிடக் கொடுமை, முதியவர்களுக்கு நேர்வது. பார்வை மங்கினால் புரைதான் என்று குடும்பமே முடிவுகட்டிவிடுகிறது. 'புரை முத்தட்டும், பிறகு ஆபரேஷன் செய்துகொள்ளலாம்' என்று ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். புரையால் போன பார்வை அறுவைச் சிகிச்சையில் திரும்பும். கிளாக்கோமாவால் போனது திரும்பவே திரும்பாது. மிச்சத்தைக் காப்பாற்றலாம், அவ்வளவுதான். நம் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம் 1976இலிருந்து புரையை ஒழிப்பதில் பெரும் சாதனை படைத்திருக்கிறது. அதே அக்கறை இந்த நோய்க்கும் வந்தாக வேண்டும்.

எல்லோரையும் வீடு வீடாகப் பரிசோதிக்க முடியுமா, செலவு தாங்குமா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நாமும் அதைக் கோரவில்லை. ஏற்கெனவே கண்ணைக் காட்ட வருபவர்களை முழுமையாகப் பாருங்கள் என்கிறோம். அழுத்தத்தை மட்டும் அளந்து 'நார்மல்' என்று அனுப்புவதும் போதாது. 10 முதல் 21 வரையிலான இயல்பு அளவுக்குள் இருந்தும் நரம்பு கெடுபவர்கள் நம்மிடையே ஏராளம். பயிற்சி பெற்றவர் நரம்பைக் கருவி வைத்துப் பார்க்கச் சில நிமிடங்கள் போதும். சர்க்கரை நோயாளிகளுக்கு எடுக்கும் விழித்திரைப் படத்திலேயே பார்வை நரம்பும் விழுகிறது. சந்தேகம் எழுந்தவர்களை மட்டும் பார்வைப் பரப்புச் சோதனைக்கு அனுப்பினால் போதுமானது. நோயாளி ஒருவர் கண்டறியப்பட்டால், அவருடைய அண்ணன் தம்பி, அக்கா தங்கை, பிள்ளைகளையும் வரவழைக்க வேண்டும். ரத்த உறவினர்களுக்கு ஆபத்து பல மடங்கு அதிகம்.

மருந்துக் கடைகள் மீதும் அரசு கை வைக்க வேண்டும். கண் அரிக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சீட்டு இல்லாமல் வாங்கி மாதக்கணக்கில் விடப்படும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து, கண் அழுத்தத்தை ஏற்றி அவர்கள் பார்வையைக் குடிக்கிறது. இது முழுக்கத் தடுக்கக்கூடிய பார்வையிழப்பு. மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது என்று விதி இருக்கிறது. அதை நடைமுறைப்படுத்தத்தான் ஆளில்லை.

கண்டுபிடித்த பிறகும் பலர் சிகிச்சையைப் பாதியில் விடுகிறார்கள். சொட்டு மருந்து விட்டால் பார்வை கூடுவதில்லை, மாதாமாதம் செலவு மட்டும் ஆகிறது; ஏழைக் குடும்பம் எத்தனை நாள் தாங்கும்? தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021இலிருந்து ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீட்டு வாசலில் மாத்திரை தருகிறது. அந்த மாத்திரைப் பையில் மருத்துவர் எழுதிய கண் சொட்டு மருந்தும் இடம்பெறட்டும். இந்த நோய்க்கான டிமோலால் சொட்டு மருந்து விலை உயர்ந்ததல்ல. நாட்டின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் இருப்பதுதான்.

அரசு செய்யும்வரை வாசகர்கள் காத்திருக்க வேண்டாம். நாற்பதைக் கடந்த எவரும் அடுத்த முறை கண்ணாடி மாற்றப் போகும்போது கண் மருத்துவரிடம் போய், நரம்பைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று வாய்விட்டுக் கேளுங்கள். வீட்டில் யாருக்கேனும் இந்த நோய் இருந்தால் இந்த மாதமே போங்கள்.