வானதூதர் என்னும் பெயரில்

பெயர் சூட்டுவதில் மனிதர் காட்டும் துணிவு சில வேளைகளில் நம்மைத் திகைக்க வைக்கின்றது. 1955ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், அமெரிக்காவின் நெவாடா பாலைநிலத்தில் வறண்டு கிடந்த ஓர் ஏரிப்படுகையிலிருந்து புதுவகை உளவு விமானம் ஒன்று முதன்முறையாக மேலெழுந்தது. அதனை உருவாக்கியவர்கள் அதற்கு இட்ட செல்லப்பெயர் 'ஏஞ்சல்', அதாவது வானதூதர். அடுத்து வந்த, ஒலியினும் மும்மடங்கு விரைவுடைய உளவு விமானத்திற்கு 'ஆர்க்கேஞ்சல்' என்று பெயரிட்டனர். மிக்கேலும் கபிரியேலும் தாங்கிய அதிதூதர் பட்டம், அயலார் வீட்டுக் கூரைமேல் ஒளிந்து பறக்கும் பொறிக்குப் போய்ச் சேர்ந்தது! வானதூதர் செய்தி கொண்டு வருபவர். அதுவும் அஞ்சுவோரின் அச்சத்தைப் போக்கிய பின்னரே செய்தியைச் சொல்பவர். இவ்விமானமோ செய்தியைக் கவர்ந்து செல்வது.

உலகறிந்த அதன் பெயர் யு-2. 'யு' என்ற எழுத்து பலவகைச் சிறுபணிகளுக்குப் பயன்படும் விமானங்களுக்கு உரியது. உளவுப் பணியை மறைக்கவே அந்த எழுத்தைத் தேர்ந்தனர். பெயரிலேயே பொய் தொடங்கிவிட்டது.

அண்மையில் ஒரு பங்கின் இளையோர் கூட்டத்தில் இவ்விமானத்தைப் பற்றிய படமொன்றைத் திரையிட்டனர். நண்பகலிலும் கருத்த வானம், வில்லாய் வளைந்த அடிவானம், கண்ணாடிக் கவசத்தினுள் ஒரு மனித முகம். கடவுளுக்கு மிக அருகில் பறக்கும் மனிதர்கள் இவர்கள் என்று விளக்கவுரை தந்தவர் உருகினார். கைதட்டல் எழுந்தது. நாம் தட்டவில்லை. ஏன் தட்டவில்லை என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

வீரத்தை நாம் மறுக்கவில்லை. இவ்விமானம் 70,000 அடிக்கு மேல், ஏறத்தாழ 21 கிலோமீட்டர் உயரத்தில் பறப்பது. 19 கிலோமீட்டரைத் தாண்டினாலே காற்றழுத்தம் மிகக் குறைந்து, காப்பற்ற உடலின் ஈரம் உடற்சூட்டிலேயே கொதிக்கத் தொடங்கும். எனவே விமானி விண்வெளி வீரரைப்போல் அழுத்த உடை அணிகின்றார். புறப்படுமுன் ஒரு மணி நேரம் தூய பிராணவாயுவைச் சுவாசித்து, குருதியிலுள்ள நைட்ரஜனை வெளியேற்றுகின்றார். உணவு, தலைக்கவசத்தின் சிறு துளை வழியே குழாயில் உறிஞ்சும் கூழ்தான். உச்ச உயரத்தில் சற்று மெதுவானால் விமானம் தாங்குதிறன் இழந்து விழும். சற்று விரைந்தால் உடைந்து சிதறும். இரண்டுக்கும் இடைப்பட்ட எல்லை சில வேளைகளில் மணிக்குப் பத்துக் கடல்மைலுக்கும் குறைவு. தரையிறங்கும்போது, மற்றொரு விமானி பின்னால் காரில் விரைந்து வந்து, சக்கரம் தரையைத் தொட இன்னும் எத்தனை அடி என்று வானொலியில் சொல்லிக்கொண்டே வரவேண்டும். இவ்விமானிகளின் மூளையில் சிறு பாதிப்புத் தழும்புகள் மற்றவர்களைவிட மிகுதியாக இருப்பதை 2013இல் வெளிவந்த மருத்துவ ஆய்வு காட்டியது. ஆக, உழைப்பும் துன்பமும் அவர்களுடையவை. ஆனால் அந்த உழைப்பை வாங்கியவர்கள் அதற்கு ஈடாக என்ன தந்தார்கள்?

1960, மே முதல் நாள். ஞாயிற்றுக்கிழமை; தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாள். பாகிஸ்தானின் பெஷாவரிலிருந்து பிரான்சிஸ் கேரி பவர்ஸ் என்னும் விமானி புறப்பட்டார். சோவியத் நாட்டைத் தெற்கிலிருந்து வடக்காகக் கடந்து நார்வேயில் இறங்குவது திட்டம். பாரிசில் நான்கு வல்லரசுத் தலைவர்கள் கூடவிருந்த உச்சி மாநாட்டுக்கு அப்போது பதினைந்து நாள்களே இருந்தன. யூரல் மலைப்பகுதியில், ஸ்வெர்த்லோவ்ஸ்க் நகருக்கு அருகே ஏவுகணை ஒன்று வெடித்து அவர் விமானத்தை வீழ்த்தியது. அவர் வான்குடை விரித்து உயிருடன் இறங்கினார்.

அவர் உயிருடன் இருக்கக்கூடும் என்று வாஷிங்டனில் எவரும் எண்ணவில்லை. இத்தகைய விமானம் வீழ்ந்தால் விமானி பிழைக்கமாட்டார் என்று அதிபர் ஐசன்ஹோவருக்கு உறுதி கூறப்பட்டிருந்தது. அந்த நம்பிக்கையில்தான், வானிலை ஆய்வு விமானம் ஒன்று துருக்கியின் வான் ஏரிப் பகுதியில் காணாமற்போனதாகவும், பிராணவாயுக் கருவி பழுதுற்றதாக விமானி அறிவித்திருந்ததாகவும் நாசா நிறுவனம் அறிக்கை விட்டது. அதோடு நில்லாமல், மற்றொரு யு-2 விமானத்திற்கு நாசாவின் பெயரைத் தீட்டிச் செய்தியாளர்களுக்குக் காட்டினார்கள். மே 7ஆம் நாள் குருஷேவ், விமானி நம் கையில் இருக்கின்றார் என்று அறிவித்தார். பொய்யின் ஆயுள் சில நாள்களே. மே 16இல் கூடிய பாரிஸ் மாநாடு தொடங்கியவுடனேயே குலைந்தது.

பவர்ஸின் பையில் ஒரு வெள்ளி நாணயம் இருந்தது. அதனுள் நச்சு ஊசி. பயன்படுத்தவேண்டும் என்ற கட்டாயமில்லை, விருப்பம்தான் என்று அதைத் தந்தவர்கள் பின்னர் விளக்கினர். ஓர் அரசு தன் பணியாளரின் கையில் தற்கொலைக்கான கருவியைத் திணித்துவிட்டு, அது அவருடைய விருப்பம் என்று சொல்வதை ஐந்தாம் கட்டளையைக் கற்ற நாம் எப்படி எடுத்துக்கொள்வது? (வெள்ளி நாணயத்திற்கு நம் நினைவில் வேறொரு வரலாறும் உண்டு, அதை இங்கே இழுக்க விரும்பவில்லை.) 1962 பிப்ரவரியில், சோவியத் உளவாளி ஒருவருக்கு மாற்றாக அவர் பெர்லின் அருகே ஒரு பாலத்தில் விடுவிக்கப்பட்டார். ஊசியை ஏன் பயன்படுத்தவில்லை என்று சொந்த நாட்டாரே கேட்டனர். உயிரோடு திரும்பியதுதான் அவர் செய்த குற்றம்! 1977இல் அவர் மறைந்தார். வீரத்துக்கான வெள்ளி விண்மீன் விருது 2012இல்தான் அவர் குடும்பத்தாரிடம் வந்து சேர்ந்தது.

ஒருதலையாய்ப் பேசவேண்டாம். அதே நாளில் சோவியத் படையின் ஏவுகணை, பவர்ஸைத் துரத்திச் சென்ற தம் சொந்த விமானியான செர்கேய் சஃப்ரோனோவையும் கொன்றது. அவர் எப்படி இறந்தார் என்பதை அந்த அரசு நெடுங்காலம் மறைத்தது. இரு தலைநகரங்களிலும் ஒரே மொழிதான் பேசப்பட்டது.

இங்கே கற்றறிந்த நண்பர்கள் குறுக்கிடுவார்கள். எரிக்கோவுக்கு ஒற்றர் அனுப்பப்படவில்லையா? திருவள்ளுவர் ஒற்றாடலுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கவில்லையா? குற்றமற்ற நன்மை தருமாயின் பொய்யும் வாய்மையாகும் என்று அவரே இடம் தரவில்லையா? தந்தார், மறுக்கவில்லை. ஆனால் அவர் வைத்த அளவுகோலைக் கையில் எடுப்போம். 1960 மே மாதத்துப் பொய் யாருக்கு என்ன நன்மை செய்தது? பகைவரை ஏமாற்றியதா? உடைந்த விமானமும் உயிருள்ள விமானியும் அவர்கள் கையிலேயே இருந்தனர். அவர்களுக்கு எல்லாம் தெரியும். ஏமாந்தவர்கள் அமெரிக்கக் குடிமக்களும் அவர்களை நம்பிய உலகமுமே. ஒற்று பகைவனிடமிருந்து மறைப்பது. இதுவோ சொந்த மக்களிடமிருந்து மறைத்தது. இதற்கு வள்ளுவரைச் சாட்சிக்கு அழைப்பது அவருக்குச் செய்யும் அநீதி.

மற்றொரு வாதம் இதைவிட வலியது. அதை நாமும் மதிக்கின்றோம். சோவியத் குண்டுவீச்சு விமானங்கள் பல்கிப் பெருகிவிட்டன என்ற அச்சம் பொய்யானது என்பதை 1956இல் தொடங்கிய யு-2 பறப்புகள் எடுத்த புகைப்படங்களே காட்டின. வீண் ஆயுதச் செலவை எதிர்த்துநிற்க அவை ஐசன்ஹோவருக்கு உதவின. 1962 அக்டோபர் 14இல் கியூபாவில் ஏவுகணைத் தளங்களைக் கண்டறிந்ததும் இவ்விமானமே. கண்டது அமைதிக்கு உதவியது உண்மை. எனினும் அந்தக் கதையை அக்டோபர் 27 வரை படிக்கவேண்டும். அன்று கியூபாவின் மேல் பறந்த ருடால்ஃப் ஆன்டர்சன் சுட்டு வீழ்த்தப்பட்டு இறந்தார். பழிவாங்கத் தாக்கவேண்டும் என்ற குரல் எழுந்தது. அதே நாளில், அணுச்சோதனைத் துகள்களைத் திரட்ட அலாஸ்காவிலிருந்து வடதுருவம் சென்ற சார்லஸ் மால்ட்ஸ்பி, துருவ ஒளியின் திகைப்பில் விண்மீன்களைக் கொண்டு வழி காண இயலாமல் சோவியத் எல்லைக்குள் புகுந்துவிட்டார். அவரைப் பிடிக்க ஒரு பக்கம் மிக் விமானங்கள் எழுந்தன. அவரைக் காக்க மறுபக்கம் அணு ஏவுகணை தாங்கிய விமானங்கள் எழுந்தன. உலகைக் காத்ததாகப் புகழப்படும் விமானமே அன்று ஒரே நாளில் இருமுறை உலகை விளிம்புக்குக் கொண்டு சென்றது.

அதற்கு இரண்டு நாள்களுக்கு முன்னர்தான் திருத்தந்தை 23ஆம் அருளப்பர் வத்திக்கான் வானொலியில் இரு தரப்புத் தலைவர்களையும் மன்றாடியிருந்தார். புற்றுநோயுற்றிருந்த அம்முதியவர் அடுத்த ஏப்ரலில் வெளியிட்ட சுற்றுமடலில், நாடுகளிடையேயான உறவு உண்மையின்மேல் அமையவேண்டும் என்றும், படைக்கலன்களின் சமநிலை அன்று, ஒருவர்மேல் ஒருவர் வைக்கும் நம்பிக்கையே அமைதியின் அடிப்படை என்றும் எழுதினார். துறவியின் கனவு என்று சிலர் புன்னகைத்தார்கள். அக்டோபர் 27ஐக் கண்டபின் எழுதப்பட்ட சொற்கள் அவை.

நாம் தொலைவிலிருந்து தீர்ப்பிடுவதாக எவரும் எண்ணவேண்டாம். அணிசேராமையை உலகுக்கு அறிவித்த நம் நாடும் 1962 சீனப் போருக்குப் பின் இவ்விமானங்களுக்கு வான்வழி திறந்தது. 1964இல் ஒரிசாவின் சார்பாட்டியா தளத்திலிருந்து யு-2 பறந்தது. இதன் விவரங்களை 2013இல் சி.ஐ.ஏ. வெளியிட்ட அதன் சொந்த வரலாற்று ஏட்டில்தான் நாம் படிக்க நேர்ந்தது. எல்லையில் தோற்ற நாடு எதிரியின் நடமாட்டத்தை அறிய விரும்பியது நமக்குப் புரிகிறது. நம் வரலாற்றை அயல்நாட்டு உளவு நிறுவனம் நமக்குச் சொல்லித் தரவேண்டியிருந்ததுதான் உறுத்துகிறது.

ஒளிந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியே இல்லையா? இருந்தது. 1955 ஜூலையில், முதல் யு-2 பறப்பதற்கு இரண்டே வாரம் முன்பு, ஜெனீவாவில் ஐசன்ஹோவர் 'திறந்த வானம்' என்ற திட்டத்தை முன்வைத்தார். ஒருவர் நாட்டை மற்றவர் வெளிப்படையாக வானிலிருந்து பார்க்கலாம் என்றார். சோவியத் தலைமை மறுத்தது. பல ஆண்டுகள் கழித்து 1992இல் ஹெல்சிங்கியில் அத்தகைய ஒப்பந்தம் கையெழுத்தாகி, 2002இல் நடைமுறைக்கு வந்தது. படைக்கலம் ஏந்தாத விமானம். பார்க்கப்படும் நாட்டின் அலுவலரும் உடன் பறப்பார். எடுத்த படங்கள் உறுப்பு நாடுகள் எல்லாவற்றுக்கும் கிடைக்கும். அமெரிக்கா 2020இல் அதைக் கைவிட்டது, ரஷ்யா 2021இல்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 1987இல் யு-2இன் உடன்பிறப்பான ஈஆர்-2 என்னும் விமானம், சிலி நாட்டின் தென்கோடியிலுள்ள பூந்தா அரேனாசிலிருந்து அண்டார்க்டிகாவின் மேல் பறந்தது. அதே அழுத்த உடை, அதே குழாய் உணவு, விமானத்தில் ஒரே ஒரு மனிதர், கீழே உறைந்த கண்டம். ஓசோன் குறையும் இடத்தில் குளோரின் சேர்மம் பெருகுவதை அவ்விமானத்தின் கருவிகள் அளந்து காட்டின. அளவுகளை எல்லா நாட்டு அறிஞரும் படித்தனர். அதன் புகழ்பெற்ற பறப்புகளுள் ஒன்று நிகழ்ந்த செப்டம்பர் 16ஆம் நாளன்றுதான் ஓசோனைக் காக்கும் மான்ட்ரியல் உடன்பாட்டில் நாடுகள் கையெழுத்திட்டன. அவ்விமானத்தின் வாலிலும் நாசா என்றே எழுதியிருந்தது. இம்முறை அது உண்மை.