படகை வாங்கும் முன் பிரேக்கைக் கேளுங்கள்

மே மாதம் பிறந்தால் மொன்றியலின் இல்-பிசார் தீவின் வீதிகளில் படகுகள் நடமாடத் தொடங்கிவிடும். குளிர்காலம் முழுவதும் உறை போட்டு முற்றத்தில் நின்றவை டிரெய்லரில் ஏறி, ஜாக்-பிசார் பாலத்தைக் கடந்து வடக்கே ஏரிகளுக்குப் புறப்படும். இப்போது அவற்றில் தமிழ்க் குடும்பங்களின் படகுகளும் இருக்கின்றன. உழைத்து முன்னேறிய ஒரு சமூகம் கோடையில் பிள்ளைகளோடு ஏரிக்குப் போவதைப் பார்க்க மனம் நிறைகிறது. ஆனால் டிரெய்லர் பழுதுபார்ப்பதைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம்மவர்கள் படகைப் பார்த்துப் பார்த்து வாங்குகிறார்கள். எஞ்சின் எத்தனை குதிரைவலு, இருக்கை என்ன தோல் என்றெல்லாம் கேட்கிறார்கள். டிரெய்லரின் பிரேக் என்ன வகை என்று கேட்பவரைக் காண்பது அரிது.

நான் யாழ்ப்பாணத்துக் குருநகரில் பிறந்தவன். அங்கே படகு கடலுக்குப் போகும், கரைக்கு வரும், நெடுஞ்சாலையில் ஏறுவதில்லை. படகு என்றால் தண்ணீரின் ஆபத்தை மட்டும் நினைக்கும் பழக்கம் நமக்கு அங்கிருந்தே வந்தது. கனடாவின் சட்டமும் ஏறக்குறைய அப்படித்தான் நினைக்கிறது. மோட்டார் படகு ஓட்டத் தகுதிச் சான்று 2009 செப்டம்பரிலிருந்து எல்லா வயதினருக்கும் கட்டாயம். ஆனால் கியூபெக்கில் அதே படகை டிரெய்லரில் ஏற்றி 100 கி.மீ. வேகத்தில் இழுத்துப் போகச் சாதாரணக் கார் உரிமம் போதும். அதற்கென்று தனித் தேர்வு கிடையாது. தனியார் சிறு டிரெய்லர்களுக்கு ஆண்டுப் பரிசோதனையும் கிடையாது.

கியூபெக் சட்டம் பிரேக் விஷயத்தில் ஒரு கோடு போட்டிருக்கிறது. சுமையோடு சேர்த்து 1,300 கிலோவோ அதற்கு மேலோ உள்ள டிரெய்லருக்குத் தனி பிரேக் வேண்டும். எடை அதைவிடக் குறைந்தாலும், இழுக்கும் வாகனத்தின் எடையில் பாதியைத் தாண்டினால் அப்போதும் வேண்டும். இந்த இரண்டாவது விதியைப் பலர் கவனிப்பதில்லை. 1,900 கிலோ எடையுள்ள எஸ்யூவி இழுக்கிறதென்றால் உங்கள் எல்லை 1,300 அல்ல, 950.

எடையை விற்பனைத் தாளில் பார்த்து முடிவுகட்டவும் கூடாது. 19 அடிப் படகின் வெற்று உடல் 900 கிலோ என்று தாளில் இருக்கலாம். 115 குதிரைவலு வெளிமோட்டார் ஏறினால் ஏறக்குறைய 165 கிலோ கூடும். 100 லிட்டர் பெட்ரோல் 74 கிலோ. டிரெய்லர் 400. பேட்டரி, நங்கூரம், உயிர்காப்பு அங்கி, ஐஸ் பெட்டி, தூண்டில் சாமான் எல்லாம் சேர்ந்து இன்னொரு நூறு. கூட்டிப் பார்த்தால் 1,600ஐத் தாண்டி நிற்கும்.

சரி, பிரேக் வேண்டும். எந்த பிரேக்? கேம்பர்களிலும் சாமான் டிரெய்லர்களிலும் இருக்கும் மின்காந்த டிரம் பிரேக் படகுக்கு ஆகாது. படகை இறக்கும் ஒவ்வொரு முறையும் சக்கரம் தண்ணீருக்குள் மூழ்குகிறது. டிரம்முக்குள் சேறு புகுந்து, காந்தம் துருப்பிடித்து, வயர் அரித்துப்போகும். மிஞ்சுபவை இரண்டு: சர்ஜ் பிரேக், மின்-ஹைட்ராலிக் பிரேக்.

சர்ஜ் பிரேக்குக்கு மின்சாரம் தேவையில்லை. முன்னால் போகும் வாகனம் வேகம் குறைக்கும்போது பின்னால் வரும் டிரெய்லர் அதை முட்டித் தள்ளுகிறது. அந்தத் தள்ளலே டிரெய்லரின் இணைப்பு முனையில் உள்ள சிலிண்டரை அழுத்தி பிரேக் எண்ணெயைச் சக்கரத்துக்கு அனுப்புகிறது. எளிமையானது, மலிவானது, சுமைக்கேற்பத் தானே அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்வது. இந்தத் தீவிலிருந்து பக்கத்துப் படகுத்துறைக்கு மட்டும் போய் வருபவருக்கு, ஒழுங்காகப் பராமரித்தால், இது போதும்.

ஆனால் தள்ளினால்தான் அது பிடிக்கும். மேட்டுப் பாதையில் பின்னோக்கி ஏற்றும்போது தேவையில்லாமல் பிடிக்கும்; அதைத் தடுக்க ரிவர்ஸ் விளக்கின் வயரோடு ஒரு பூட்டு வைக்க வேண்டும். படகுத்துறைச் சரிவிலோ நிலைமை நேர்மாறு. டிரெய்லர் கீழே இருந்து வாகனத்தைத் தண்ணீர்ப் பக்கம் இழுக்கிறது, தள்ளவில்லை. அதனால் சர்ஜ் பிரேக் அங்கே சும்மா இருக்கும். பாசி படர்ந்த கான்கிரீட்டில் உங்கள் வாகனத்தின் டயர்கள் மட்டும் முழுப் பாரத்தையும் தாங்க வேண்டும். நீண்ட மலை இறக்கத்தில் கியரைக் குறைத்து மெல்ல இறங்கினாலும் டிரெய்லர் விடாமல் தள்ளிக்கொண்டே வரும். பிரேக் உரசி உரசிச் சூடேறும்.

மின்-ஹைட்ராலிக் முறையில், நீங்கள் பிரேக்கை மிதித்தவுடன் வாகனத்தின் கன்ட்ரோலர் மின் சைகை அனுப்புகிறது. டிரெய்லரின் முன்தண்டில் உள்ள பம்ப் எண்ணெயை அழுத்தி டிஸ்க்கைப் பிடிக்க வைக்கிறது. முன்னோக்கிப் போனாலும் பின்னோக்கிப் போனாலும், மேட்டிலும் இறக்கத்திலும் அது உங்கள் காலுக்குக் கட்டுப்பட்டது. டிரெய்லர் பக்கவாட்டில் ஆடத் தொடங்கினால், கன்ட்ரோலரில் உள்ள கைவிசையால் டிரெய்லரை மட்டும் பிடித்து நேராக்கலாம். சர்ஜ் பிரேக்கால் இது முடியாது.

போன வசந்தத்தில் டொலார்-தே-ஓர்மோவில் வசிக்கும் தம்பி ஒருவர் பழைய படகு ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். பிரேக் இருக்கிறது என்று விற்றவர் ஒரே வார்த்தையில் முடித்திருந்தார். “அண்ணை, சட்டத்துக்கு இந்த சர்ஜ் பிரேக் காணும்தானே? பிறகு ஏன் மின்-ஹைட்ராலிக்குக்கு மேலதிகக் காசு?” என்று கேட்டார். நான் டிரெய்லருக்கு அடியில் படுத்து அவரையும் கூப்பிட்டுக் காட்டினேன். இடது சக்கரத்தின் டிஸ்க் கண்ணாடி போல் மின்னியது. வலது டிஸ்க்கில் செந்துரு அப்படியே படிந்திருந்தது. வலப்பக்கக் காலிப்பர் இறுகிப்போய், அத்தனை நாளும் ஒரு சக்கரம் மட்டுமே பிடித்திருக்கிறது. எண்ணெய்க் குழாயில் நகத்தை வைத்துச் சுரண்டினேன், செதில் செதிலாக உதிர்ந்தது. நமது ஏரி நன்னீர்தான். ஆனால் குளிர்காலத்தில் வீதியில் கொட்டும் உப்பு எந்தக் கடலுக்கும் குறைந்ததல்ல. “தம்பி, எங்கே இழுத்துப் போகப் போகிறீர்?” என்று கேட்டேன். ஷார்லவுவா என்றார்.

ஷார்லவுவாவின் இறக்கங்களை அறிந்தவர்கள் அந்தப் பதிலைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். 1997 அக்டோபர் 13, நன்றி நவிலும் விடுமுறை நாள். முதியவர்களை ஏற்றிச் சென்ற பேருந்து ஒன்று அங்குள்ள லெஸ் எபூல்மான் ஊரின் செங்குத்து இறக்கத்தில் நிற்க முடியாமல் பள்ளத்தில் பாய்ந்தது. 40க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பேருந்தின் பிரேக் சீராக இல்லை என்பது விசாரணையில் வெளிவந்தது. பேருந்து வேறு, படகு டிரெய்லர் வேறுதான். ஆனால் இறக்கம் எல்லா வாகனத்தையும் ஒரே கேள்விதான் கேட்கிறது: உன்னால் நிற்க முடியுமா? லோரன்டியன் மலைகளிலிருந்து 15ஆம் நெடுஞ்சாலையில் ஞாயிறு மாலை திரும்பும் எவரும் அந்தக் கேள்வியைச் சந்திக்கிறார்கள்.

மின்-ஹைட்ராலிக் முறைக்குச் செலவு கூடுதல். பம்ப், கன்ட்ரோலர், பொருத்தும் கூலி எல்லாம் சேர்ந்தால் ஆயிரம் டாலரைத் தாண்டிப் போகும். 14 அடி அலுமினியப் படகு வைத்திருப்பவர் இதற்குச் செலவழிக்க வேண்டாம். ஒன்றரை டன்னுக்கு மேல் மலைப்பாதையில் இழுப்பவருக்கு இதுவே சரி என்பது என் முடிவு.

வாங்குவோர் சிலவற்றைக் கேட்டுத் தெளிய வேண்டும். டிஸ்க் பிரேக்குக்கு 1,600 பிஎஸ்ஐ அழுத்தம் தரும் பம்ப் தேவை. 1,000 பிஎஸ்ஐ பம்ப் டிரம்முக்கு உரியது, அதை டிஸ்க்கில் மாட்டினால் பிடி போதாது. வாகனத்தோடு வந்த கன்ட்ரோலர் மின்-ஹைட்ராலிக்கோடு ஒத்துப்போகுமா என்பதைக் கையேட்டில் பாருங்கள். சில வண்டிகளில் அதற்கெனத் தனி அமைப்பைத் தெரிவுசெய்ய வேண்டும், சிலவற்றுக்கு இடையில் ஒரு இணைப்புக் கருவி வேண்டும். மிதித்த பின் அழுத்தம் ஏற எவ்வளவு நேரம் ஆகும் என்றும் கேளுங்கள். 100 கி.மீ. வேகத்தில் அரை விநாடி என்றால்கூட 14 மீட்டர் கடந்திருப்பீர்கள். பம்ப் பெட்டி தண்ணீர் படாத உயரத்தில் இருக்க வேண்டும். சரிவில் இறக்கும்போது மின்னிணைப்பைக் கழற்றிவிட்டால் டிரெய்லருக்குப் பிரேக் இல்லை என்பதையும் மறக்கக் கூடாது.

எல்லாவற்றிலும் முக்கியம் பிரேக்அவே. ஓடும்போது டிரெய்லர் கழன்றுபோனால், வாகனத்தோடு கட்டிய மெல்லிய கம்பி ஒரு பின்னை இழுத்தெடுக்கும். உடனே டிரெய்லரில் உள்ள தனி பேட்டரி பம்ப்பை இயக்கி சக்கரங்களை இறுக்கும். அந்தக் கம்பியை வாகனத்தின் சட்டகத்தில் கட்ட வேண்டும். ஹிட்சிலோ பாதுகாப்புச் சங்கிலியிலோ அல்ல, அவையும் கூடவே கழன்று போகலாம். மொன்றியல் குளிரில் வெளியே விட்ட பேட்டரி வசந்தத்தில் செத்துக் கிடக்கும். நவம்பரில் கழற்றி வீட்டுக்குள் வையுங்கள்.

படகு விற்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: ஏற்றிய எடையையும் பிரேக்கின் வகையையும் எழுத்தில் கொடுங்கள். அரசிடமும் ஒன்று கேட்கிறேன்: 1,300 கிலோவுக்கு மேற்பட்ட படகு டிரெய்லர் கைமாறும்போது பிரேக் பரிசோதனையைக் கட்டாயமாக்குங்கள். பதிவு மாற்றும் நாளிலேயே இதைச் செய்துவிடலாம்.

அதுவரை காத்திருக்காமல் நம்மவர்கள் செய்யக்கூடியது உண்டு. புது வாகனத்தை முருகன் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பது நம் வழக்கம். நல்ல வழக்கம். அதே நாளில் வாகனத்தின் மின்னிணைப்பைக் கழற்றிவிட்டு, டிரெய்லரின் பிரேக்அவே பின்னையும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். மின்-ஹைட்ராலிக் என்றால் பம்ப் உறுமும் சத்தம் கேட்க வேண்டும்; எந்த வகையானாலும் சக்கரங்கள் இறுக வேண்டும். இறுகாவிட்டால், அதைச் சரிசெய்யும்வரை அந்த டிரெய்லரை வீதிக்குக் கொண்டுவராதீர்கள்.