சேமிப்புச் சாதனத்தின் எச்சரிக்கையும் நமது கடமையும்

சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையே காதங்கி என்னும் சிற்றூரில், மத்திய அரசின் விண்வெளித் துறையைச் சார்ந்த தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக்கூடம் அமைந்துள்ளது. ஏறத்தாழ 130 மீட்டர் நீளமும் அதே அகலமும் உள்ள திடலில் நிறுவப்பெற்ற 1,024 இணை ஆன்டெனாக்கள், 53 மெகாஹெர்ட்ஸ் அலைகளை வானை நோக்கிச் செலுத்தி, திரும்பிவரும் மெல்லிய எதிரொலிகளைக் கொண்டு மேல்வானக் காற்றின் போக்கை அளக்கின்றன. இன்றைய காற்றை நாளை அளக்க இயலாது. காலை 8-30 மணிக்கு மழைமானியைப் பார்த்துக் குறிக்கும் ஊழியருக்கும் இவ்வுண்மை பொருந்தும். ஆதலின், அளவீட்டைப் பாதுகாத்தல் அளத்தலுக்கு நிகரான கடமையாகும்.

காகிதப் பதிவேட்டில் மை கலைந்தால் கண்ணுக்குப் புலனாகும். வன்தட்டில் ஏற்படும் பழுதோ புலனாவதில்லை. சாதனம் தன் நிலையைக் கணிப்பொறியின் இயக்க அமைப்பினது உட்கருவாகிய கெர்னலுக்கு மட்டுமே தெரிவிக்கிறது. அச்செய்தியைப் பெற்ற கெர்னல் யாது செய்கிறது என்பதே நம் கேள்வி.

ஸ்கஸி முறையில் இயங்கும் சாதனங்கள் தம் குறையைத் தரம் பிரித்தே கூறுகின்றன. 'பிழை நேர்ந்தது, ஆயினும் மீட்டுவிட்டேன்' என்பது ஒரு தரம். 'தட்டே பழுதுற்றது' என்பது மற்றொரு தரம். முதல் வகையை லினக்ஸ் கெர்னல் வெற்றியாகவே கொண்டு, பணியைத் தொடர்கிறது. தகவல் கைக்கு வந்துவிட்டமையால் இது முறையே. எனினும், அச்செய்தியைக் குறிப்பேட்டில் பொறித்துவிட்டு எவரும் படிக்காதிருத்தல் முறையன்று.

எழுதும்போது நேரும் பிழை இன்னும் நுட்பமானது. நிரல் ஒன்று தகவலை எழுதச் சொன்னதும், கெர்னல் அதனை நினைவகத்தில் ஏற்று, 'எழுதியாயிற்று' என்று விடை கூறிவிடுகிறது. தட்டில் எழுதுவது பின்னரே நிகழ்கிறது. உறுதி வேண்டும் நிரல், 'எஃப்சிங்க்' என்னும் கட்டளையால் கேட்டறிய வேண்டும். லினக்ஸில் அக்கட்டளை ஒருமுறை தோல்வியுற்றபின் மறுமுறை கேட்டால், எழுதப்படாத பக்கங்களும் எழுதப்பட்டவையாகக் குறிக்கப்பெற்று, 'வெற்றி' என்னும் விடை வரக்கூடும் என்பது 2018-இல் போஸ்ட்கிரெஸ் தகவல்தள வல்லுநர்களிடையே பெரிய விவாதமாயிற்று. 2019 பிப்ரவரியில் அவர்கள் தம் மென்பொருளை மாற்றினர்: அப்பிழை கண்டவுடன் மீண்டும் முயலாது, பணியை நிறுத்தி, முன்குறிப்பிலிருந்து மீட்டெடுப்பதே இப்போதைய வழக்கம்.

இது தனிப்பட்ட ஒரு குறையன்று. கோப்பு அமைப்புகளையும் சேமிப்புச் சாதன நிரல்களையும் ஆராய்ந்து 2008-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று, பிழைக் குறியீட்டைப் பெறும் அழைப்புகளில் 13 விழுக்காடு அதனைக் கவனியாது கைவிடுவதாகக் கண்டது. பிழையை அறிந்தவர் அறிவிக்காவிடில், அறிய வேண்டியவர் அறியவே மாட்டார்.

எச்சரிக்கைகள் மிகுந்தால் ஊழியர் சலிப்புறுவர் என்பார் உளர். உண்மையே. அதற்கு மருந்து தரம் பிரித்தலேயன்றி மௌனமன்று. பழுது கண்டதும் பதிவை நிறுத்தினால் அன்றைய அளவீடு இழக்கப்படுமே என்பது மற்றொரு தடை. அறிந்த இழப்பு அட்டவணையில் ஒரு வெற்றிடம். அறியாத இழப்போ பொய்யான எண். வெற்றிடத்தை ஆராய்ச்சியாளர் தாங்குவர். பொய்யை எவரும் தாங்க இயலாது.

எச்சரிக்கை இல்லாமையும் நற்சான்றாகாது. கூகுள் நிறுவனம் 1,00,000-க்கும் மேற்பட்ட வன்தட்டுகளை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்ட அறிக்கை இரண்டு உண்மைகளைக் கூறுகிறது. முதல் வருடற் பிழை தோன்றிய தட்டு, அடுத்த 60 நாட்களுக்குள் கெடும் வாய்ப்பு, பிழையற்ற தட்டைவிட 39 மடங்கு மிகுதி. ஆயினும், கெட்ட தட்டுகளில் 56 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை, வருடற் பிழை உள்ளிட்ட நான்கு முதன்மை அறிகுறிகளில் ஒன்றையும் காட்டவில்லை.

ஆகவே, வாசகர் செய்யத்தக்கவை மூன்று. வாரம் ஒருமுறையேனும் கெர்னல் குறிப்பேட்டையும் தட்டின் 'ஸ்மார்ட்' அறிக்கையையும் படித்தல் ஒன்று. கோப்பு அமைப்பின் உட்கணக்கில் பிழை கண்டால் எழுதுவதை நிறுத்திப் படிக்க மட்டும் இடந்தரும் ஏற்பாட்டை மேற்கொள்ளல் இரண்டு. ஈஎக்ஸ்டி4 அமைப்பில் இதற்கு வசதியுண்டு. அன்றன்றைய அளவீட்டின் நகலை வேறொரு சாதனத்தில் வைத்தல் மூன்று.

சோதனைக்கூடத்தில் தவறிய அளவை மறைத்து ஊக எண்ணை எழுதும் மாணவனை ஆசிரியர் கண்டிக்கிறார். கெர்னலை இயற்றுவோரிடமும் அதே நேர்மையை எதிர்பார்க்க நமக்கு உரிமையுண்டு. அவர்கள் எழுதிவைத்த எச்சரிக்கையைப் படிக்கும் கடமையோ நம்முடையது.