‘கில்டு’ என்று வந்தால் பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போடலாமா?

ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பாலிடெக்னிக் இளைஞர்களில் பலர், அரசு லேப்டாப் வாங்கிய தலைமுறை. 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் ஆரம்ப மாடல்களில் மெமரி 2 ஜிபி. ஸ்ரீபெரும்புதூரில் அசெம்பிள் ஆன ஐபோன் 15-ல் 6 ஜிபி. பகலில் கைபடும் போனில், ரூமில் இருக்கும் லேப்டாப்பைவிட மூன்று மடங்கு மெமரி!

சாஃப்ட்வேர் வேலைக்குத் தாவ நினைப்பவர், அந்த லேப்டாப்பில் லினக்ஸ் போட்டு ஒரு பெரிய ஓப்பன் சோர்ஸ் புராஜெக்ட்டை ‘கம்பைல்’ செய்கிறார். அதாவது, மனிதர்கள் எழுதிய கோடிங்கை மெஷினுக்குப் புரியும் மொழிக்கு மாற்றுகிறார். அரை மணி நேரத்தில் மவுஸ் நகர மறுக்கிறது. கடைசியில் ‘கில்டு’ என்று ஒற்றை வார்த்தை.

கோடிங்கில் தப்பு என்று நினைத்து விடிய விடியத் தேடுபவர்கள் உண்டு. தப்பு அங்கே இல்லை. மெமரி தீர்ந்ததும், மொத்த சிஸ்டமும் முடங்காமல் இருக்க, அதிகம் விழுங்கும் புரோகிராமை லினக்ஸே நிறுத்திவிடுகிறது.

வேகத்துக்காக நான்கைந்து ஃபைல்களை ஒரே நேரத்தில் மாற்றச் சொல்வதுதான் பெரும்பாலும் வினை. சி பிளஸ் பிளஸ் ஃபைல் ஒன்றே சில நேரம் 1 ஜிபி கேட்கும். ‘மேக்’ கட்டளையில் ‘ஜே’ எண்ணை 1 ஆக்கினால், ஒவ்வொன்றாக நடக்கும். ஹார்டு டிஸ்க்கில் 4 ஜிபி ‘ஸ்வாப்’ ஒதுக்கினால், மெமரி வழிந்தாலும் தாங்கும், ஆமை வேகம்தான். எல்லாத் துண்டுகளையும் இணைக்கும் கடைசிக் கட்டமான ‘லிங்கிங்’தான் அதிகம் படுத்தும். பிழை தேடுவதற்கான ‘டீபக்’ தகவல் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அங்கேயும் சுமை குறையும்.

இது ஏழை லேப்டாப்பின் பிரச்னை மட்டுமல்ல. 2011 டிசம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரே இந்தச் சுவரில் முட்டியது. 32 பிட் விண்டோஸில் லிங்க் செய்யும் புரோகிராமுக்கு 3 ஜிபி எல்லை போதவில்லை. மொசில்லா சில பகுதிகளைத் தனியே பிரித்துத்தான் சமாளித்தது.

நைட் ஷிஃப்ட்டுக்குக் கிளம்பும்போது தட்டிவிட்டுப் போகலாம். (மெத்தை மேல் மட்டும் வைக்காதீர்கள், சூடேறும்.) கரன்ட் போய் நின்றாலும் பயமில்லை, திரும்ப ‘மேக்’ கொடுத்தால், முடிந்த ஃபைல்களை விட்டு மிச்சத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும்.

எல்லாவற்றுக்கும் இது சரிவராது. முழு ஆண்ட்ராய்டை கம்பைல் செய்ய 64 ஜிபி வேண்டும் என்கிறது கூகுள். அங்கே பிடிவாதம் பிடிப்பது வீண். லினக்ஸ் கெர்னல் போன்றவை 2 ஜிபியிலேயே முடியும். கொஞ்சம் செலவழிக்க முடிந்தால், லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றி எந்த வகை ரேம், எத்தனை ஸ்லாட் என்று பார்த்துவிட்டு, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் செகண்ட் ஹேண்டில் விசாரிக்கலாம்.