ஓடுகிற சர்வருக்கும் செலவு உண்டு

பழனியை அடுத்த ஆயக்குடியில் எங்கள் வீட்டு மாடியறையில் உட்கார்ந்தபடி, கோவை நிறுவனம் ஒன்றுக்காக சர்வர்களைப் பராமரிப்பது என் வேலை. மில், மருத்துவமனை, கல்லூரி என்று பலதரப்பட்ட இடங்களின் சர்வர்கள். எதற்குச் சந்தா எப்போது முடிகிறது, எதில் எந்தப் பேட்ச் (மென்பொருளின் ஓட்டையை அடைக்கும் திருத்தம்) இன்னும் போடவில்லை, எந்த இரவில் ரீபூட் செய்யலாம் என்பதிலேயே என் வாரம் கழியும். இந்த வேலையில் இருந்துகொண்டு எனக்கு ஆற்றாமையாக இருக்கும் விஷயம் ஒன்று உண்டு. சர்வர் வாங்குவதற்கு நம் நிறுவனங்களில் பணம் கிடைக்கிறது. அதை ஆண்டுதோறும் காப்பாற்றக் கேட்டால் கிடைப்பதில்லை.

டிஷ் டிவிக்குப் பணம் கட்டாவிட்டால் படம் நின்றுவிடும். வீட்டில் உடனே யாராவது ரீசார்ஜ் செய்துவிடுவார்கள். சர்வரின் மென்பொருள் சந்தா அப்படியல்ல. ரெட் ஹாட் லினக்ஸ் சந்தா முடிந்த மறுநாளும் அந்த சர்வர் வழக்கம்போல் ஓடும். பில் போடும், லேப் ரிப்போர்ட் கொடுக்கும், சம்பளப் பட்டியல் அச்சிடும். நின்றுபோவது பாதுகாப்புப் பேட்ச்கள் வரும் வழியும், சிக்கல் வந்தால் உதவி கேட்கும் உரிமையும் மட்டுமே. அது யார் கண்ணுக்கும் தெரியாது. உலகில் எங்கோ ஒரு புதிய ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டு, அதற்கான பேட்சும் வெளியாகி, நம் சர்வருக்கு மட்டும் அது வராமலே மாதங்கள் போய்க்கொண்டிருக்கும்.

மருத்துவமனை ஒன்றில் சந்தா புதுப்பிக்கும் கோப்பு கணக்குப் பிரிவு மேசையிலேயே கிடந்தது. போனில் பேசினேன். அங்கிருந்த பெரியவர் கோபப்படவில்லை, உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார்: "ஏனுங்க அம்மிணி, அதுதான் ஓடிட்டு இருக்குதே, அப்புறம் எதுக்குப் பணம்?" அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. புது சர்வர் வாங்கினால் அது சொத்துக் கணக்கில் ஏறுகிறது, பூஜை போட்டுப் படம் எடுக்கிறார்கள். சந்தாவோ வெறும் செலவு. தணிக்கைக்கு வருபவர்களும் "போன வருஷத்தைவிட ஏன் கூடியிருக்கிறது?" என்று கேட்கிறார்களே தவிர, "கடைசியாக எப்போது பேட்ச் போட்டீர்கள்?" என்று கேட்டு நான் பார்த்ததில்லை.

கேட்காததன் விலையை உலகம் ஒருமுறை கொடுத்திருக்கிறது. 2017 மார்ச் 14 அன்று விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் பேட்ச் வெளியிட்டது. மே 12 அன்று அதே ஓட்டை வழியாக வான்னாகிரை என்ற ரான்சம்வேர் (கணினியைப் பூட்டிப் பணம் கேட்கும் மென்பொருள்) பரவியது. இடையில் இருந்தது ஏறக்குறைய இரண்டு மாதம். இங்கிலாந்தின் பொது மருத்துவத் துறையில் 236 அறக்கட்டளை நிர்வாகங்களில் குறைந்தது 81 பாதிக்கப்பட்டன; சுமார் 19,000 நோயாளிகளின் முன்பதிவுகள் ரத்தாகியிருக்கலாம் என்று அந்நாட்டுத் தணிக்கை அலுவலகமே மதிப்பிட்டது. பேட்ச் இலவசமாகக் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. போடத்தான் ஆளும் நேரமும் இல்லை.

அப்டேட் போட்டால் இருப்பதும் கெட்டுவிடும் என்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பயத்தை நான் தள்ளிவிடமாட்டேன். 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை, நம் நேரப்படி காலை 9.39. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான ஒரு கோப்பு சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். 78 நிமிடத்தில் அந்தக் கோப்பைத் திரும்பப் பெற்றும் பயனில்லை, விழுந்த கணினிகள் விழுந்தவைதான். ஆனால் அன்று நடந்தது என்ன? எல்லாக் கணினிகளுக்கும் ஒரே வீச்சில் அனுப்பினார்கள். முறையாகச் செய்பவர்கள் அப்படிச் செய்வதில்லை. நடுவில் ஒரு சர்வர் எல்லாப் பேட்ச்களையும் இறக்கி வைத்துக்கொள்ளும். முதலில் சோதனைக்கான இரண்டு மூன்று சர்வர்களுக்குப் போகும். சில நாள் பார்ப்போம். பிறகு முக்கியம் குறைந்தவை, கடைசியில் பில்லிங்கும் நோயாளிப் பதிவும். ஒவ்வொன்றுக்கும் முன்னால் பேக்கப். தைப்பூசம், பங்குனி உத்திரக் கூட்டம் இருக்கும் நாட்களில் பழனிப் பக்கத்து வாடிக்கையாளர் யாரிடமும் நான் டவுன்டைம் கேட்க மாட்டேன். அந்தக் கூட்டத்தில் மருத்துவமனைப் பதிவு அரை மணி நேரம் நின்றால் என்ன ஆகும் என்று இந்த ஊரில் பிறந்த எனக்குத் தெரியும். அதற்குப் பதிலாக முந்தைய வாரத்தில் ஒரு சனிக்கிழமை இரவு வேண்டும். அந்த ஓர் இரவைக்கூடத் தர மறுக்கும் நிர்வாகங்களோடுதான் என் போராட்டம்.

இந்த வேலைக்கான மென்பொருளை உலகத்துக்கு விற்பவர்களில் நம் தமிழ்நாட்டு நிறுவனமும் உண்டு. சோஹோவின் மேனேஜ்எஞ்சின் பெரிய நாடுகளின் அலுவலகங்களிலும் பேட்ச் மேலாண்மை செய்கிறது. எனக்கு அதில் பெருமை உண்டு. அந்த மேனேஜ்எஞ்சினின் கடவுச்சொல் மேலாண்மை மென்பொருளிலும் 2021 செப்டம்பரில் ஆபத்தான ஓட்டை வெளிப்பட்டது, பேட்ச் வந்தது, உடனே போடுங்கள் என்று அமெரிக்க அரசு அமைப்புகள் எச்சரித்தன. காவல் காக்கும் மென்பொருளையும் காக்க ஆள் வேண்டியிருக்கிறது.

இலவச லினக்ஸ் இருக்க எதற்குச் சந்தா என்று கேட்கும் கல்லூரிகள் உண்டு. நல்ல கேள்வி, நானே பல இடங்களில் இலவசத்தைப் பரிந்துரைக்கிறேன். ஆனால் சென்ட்ஓஎஸ் என்ற இலவச லினக்ஸின் 8-ஆம் பதிப்புக்கு 2029 வரை பேட்ச் வரும் என்று நம்பிப் போட்டவர்களுக்கு, அது 2021 டிசம்பர் 31-ஓடு முடியும் என்று 2020 டிசம்பரில் அறிவிப்பு வந்தது. கையில் ஓராண்டு. ராக்கி லினக்ஸுக்கோ அல்மா லினக்ஸுக்கோ மாறியாக வேண்டும். சென்ட்ஓஎஸ் 7-க்கும் 2024 ஜூன் 30-ஓடு பேட்ச் நின்றுவிட்டது. சந்தா கட்டாமல் மிச்சப்படுத்திய பணத்தில் ஒரு பகுதியையாவது இந்த மாற்றத்தைச் செய்யும் ஆளுக்கு ஒதுக்கியிருக்க வேண்டும். பெரும்பாலும் அந்தப் பொறுப்பு, ஏற்கனவே பாடம் நடத்திக்கொண்டிருக்கும் லேப் உதவியாளர் தலையில்தான் விழுகிறது.

இது பெரிய நகரங்களின் கவலை என்று எங்கள் கொய்யா மண்டியில் இருப்பவர்கள் நினைக்கலாம். 2024 ஜூலை இறுதியில் சி-எட்ஜ் என்ற ஒரே தொழில்நுட்ப நிறுவனம் ரான்சம்வேர் தாக்குதலுக்கு உள்ளானபோது, அதை நம்பியிருந்த கூட்டுறவு, ஊரக வங்கிகள் சுமார் 300 பணப் பரிவர்த்தனை வலையிலிருந்து தற்காலிகமாகத் துண்டிக்கப்பட்டன. சிறு விவசாயி கணக்கு வைத்திருப்பது இப்படிப்பட்ட வங்கிகளில்தான். நகைக்கடனும் பயிர்க்கடனும் வாங்கும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களையும் கணினிமயமாக்க 2022 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது: 63,000 சங்கங்கள், 2,516 கோடி ரூபாய், ஐந்து ஆண்டுகள். நல்ல திட்டம், மனதார வரவேற்கிறேன்.

ஐந்து ஆண்டு என்றால் 2026-27 நிதியாண்டோடு முடிகிறது. அதற்குப் பிறகு அந்தக் கணினிகளின் புதுப்பிப்புக்கு யார் பணம் கட்டுவார்கள்? சங்கமா, மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கியா, மாநில அரசா? இதற்கென்று தனிக் கணக்குத் தலைப்பு வேண்டும். ஒவ்வொரு கணினியின் சந்தா முடியும் தேதியும் கடைசிப் பேட்ச் தேதியும் எழுதிய பதிவேடு ஒன்றைத் தணிக்கையாளர் கட்டாயம் பார்க்க வேண்டும். உங்கள் சங்கத்தின் அடுத்த பேரவைக் கூட்டத்தில் வரவு செலவு அறிக்கை வாசிக்கும்போது எழுந்து நின்று கேளுங்கள். உறுப்பினருக்குக் கேட்கும் உரிமை இருக்கிறது.